அட்டையில் இருந்த நம்பர்

“டிஸ்க்கைத் துடைச்சாச்சு, செட்டிங்கையும் மாத்தியாச்சு. இப்ப இந்த கேம் சீரியல் நம்பர் கேக்குதும்மா. பழைய சாமான் கடைக்காரர் நம்பர் போட்ட அட்டையைத் தரவே இல்ல.”

லீவு முடிந்து நாளை ஊருக்குக் கிளம்பும் மகளின் முகம் தொங்கிப்போனது. “சின்ன வயசுல நீ வாங்கித் தந்த இதே கேம் டிஸ்க் உடையாம இருந்திருந்தா இந்தப் பாடே இல்ல.”

வெங்காயம் நறுக்கிய அம்மாவின் கை நின்றது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மனசு கேட்காது.

“அடிச்சுக்கோ” என்றவள், எழுத்தும் எண்ணுமாகக் கடகடவென்று ஒப்பித்தாள். கேம் ஏறிவிட்டது!

“உனக்கெப்படிம்மா தெரியும்?”

“அது உடையலடி. உன் பரீட்சைக்காக ஒளிச்சு வச்சேன். நீ ஸ்கூலுக்குப் போனதும் அட்டையைப் பார்த்து நம்பர் அடிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்துவேன், வர்றதுக்குள்ள அழிச்சிடுவேன். தினமும்.”

“அடிப்பாவி அம்மா!”

“திட்டு, வாங்கிக்கிறேன். முதல்ல கேம்ல அந்தக் கடைசிப் பாலத்தை எப்படித் தாண்டறதுன்னு சொல்லு.”