கட்டுப் போட ஆள்

"மறுபடியும் தைச்சே மூடிருங்க டாக்டர். பத்து நாள்ல வண்டி எடுத்திருவேன்" என்றான் ரெக்சன், நாற்காலியின் நுனியில் ஒருக்களித்து உட்கார்ந்தபடி.

"போன தடவையும் இப்படித்தான். யார்ட்டயும் சொல்லாம தனியாப் போயி அறுத்துக்கிட்டு வந்தான். தையல் பிரிக்கதுக்கு முன்னாலேயே லாரியில ஏறிட்டான்" என்றாள் பக்கத்தில் இருந்த பிலோமி.

ரெக்சன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. வால் எலும்புக்கு மேலே தோலுக்குள் முடி இறங்கிச் சீழ் வைத்திருந்தது. போன வருடம் அறுத்துத் தைத்த அதே இடத்தில் இப்போது மறுபடியும்.

டாக்டர் சண்முகவடிவு பொறுமையாகச் சொன்னார். "பைலோனிடல் சைனஸ் இப்படித் திரும்பி வர்றது உண்டு. நடுவுல நேராத் தைச்சா சீக்கிரம் எழுந்திரிச்சிடலாம், ஆனா மறுபடி வர வாய்ப்பு அதிகம். தைக்காம திறந்தே விட்டா அடியிலிருந்து தானா ஆறி வரும். மாசக்கணக்காகும், தினமும் கட்டு மாத்தணும்."

"லேசர்னு சொல்லுதாங்களே? போன்ல பார்த்தேன்" என்றாள் பிலோமி.

"சின்னதா இருந்தா செய்யலாம்மா. இவருக்கு உள்ள கிளை விட்டிருக்கு. கெட்டுப்போனதை எடுத்துட்டு, பக்கத்துல இருக்கிற நல்ல தோலையும் சதையையும் திருப்பி வச்சு மூடுறதுதான் இவருக்குச் சரி. ஃப்ளாப்னு சொல்வோம். பள்ளமும் மட்டமாயிடும். என்ன, சில வாரம் உட்காரவே கூடாது. கூடவே ஒரு ஆள் வேணும்."

"அதான் முடியாதுங்கேன். நான் தனியா இருக்கேன்."

"தனியா இருக்கானாம்! நம்ம வீட்டுக் கட்டில் சும்மாதான கிடக்கு? வந்து குப்புறப் படு. கட்டு நான் மாத்துதேன்."

ரெக்சன் கூசிப்போனான். "அந்த இடத்துலயா? நீங்களா? வேண்டவே வேண்டாம்."

"ஏய்யா, நான் இடுப்பொடிஞ்சு கிடந்தப்ப பெட்பேன் எடுத்து ஊத்துனது யாரு? அப்ப நான் கூசுனேனா?"

"அது வேற. நான் வந்து உங்க வீட்டுல படுத்துக் கிடந்தா தெருவுல என்ன பேசுவாங்க?"

"பேசுதவன் வந்து கட்டுப் போடுவானா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "என்ன ரெக்சன், பெத்த அம்மா வீட்டுல போய்ப் படுக்கிறதுக்குத் தெரு என்னப்பா பேசும்?"

பிலோமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரெக்சன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அம்மா இல்ல டாக்டர், மாமியார். இப்ப அதுவும் இல்ல. இவங்க மக அனுஜா என்னைய வேண்டாம்னுட்டுப் போயி, கோர்ட்டுல விவாகரத்தும் வாங்கிட்டா."

பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தாள்.

"நீங்க ஃப்ளாப்பே வைங்க டாக்டர். விவாகரத்து அவதான வாங்குனா, நான் வாங்கலையே!"