ஐந்தாவது தாள்

"ஜெயாவுக்கு இன்னிக்கும் காய்ச்சல் விடல டீச்சர்." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினான் இருளப்பன். "ஆனா கணக்க முடிச்சுட்டா."

பரமேஸ்வரி டீச்சர் தாளை வாங்கி விரித்தார். 1978 தீபாவளி விடுமுறைக்காக நாலாம் வகுப்புக்கு அவர் கொடுத்தனுப்பிய பின்னக் கணக்கு அது. முறுக்கும் மத்தாப்பும் படம் போட்டு, ஸ்டென்சிலில் உருட்டி, ஆளுக்கு ஐந்து தாள் கொடுத்திருந்தார். மற்ற வாண்டுகள் ஆட்டின் மேலும் மழையின் மேலும் பழியைப் போட்டுவிட்டுப் பாதித் தாளோடு வந்திருந்தார்கள்.

ஜெயாவின் வீடு மலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருந்தது. அங்கிருந்து இந்தப் பள்ளிக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா இருளப்பன், கொழுந்து மூட்டைகளை லோரியில் ஏற்றி இறக்குகிறவன். லோரி பத்து மணிக்குக் கீழே தொழிற்சாலைக்கு வரும். மூட்டை இறங்கியதும் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கு ஓடி வந்துவிடுவான். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று, இன்று புதன் மூன்றாவது.

"அஞ்சு தாளையும் ஒரேயடியா குடுத்திருக்கலாமே அண்ணே? எதுக்கு தினமும் அலையுறீங்க?"

"ஒரே நாள்ல குடுத்தா ஒரு பேருதானே டீச்சர் விழும்?"

டீச்சர் விழித்தார். அவர் ஈப்போக்காரர். தானா ராத்தாவில் அறை எடுத்துத் தங்கி, பஸ்ஸில் வந்து போகிறவர். இருளப்பன்தான் பொறுமையாக விளக்கினான். அவன் மனைவி வேலாயிக்கு உடம்பு முடியாத நாட்களில், லோரி வேலை முடிந்ததும் அவனே கொழுந்து கிள்ளி அவள் பெயரில் நிறுத்துவிடுவானாம். ஆள் வராவிட்டாலும் கங்காணி அன்றைக்கு அவள் வேலைக்கு வந்ததாகப் பெயர் போட்டுக்கொள்வாராம்.

"அது மாதிரிதான் டீச்சர். புள்ள வராட்டியும் கணக்கு வந்துருச்சுல்ல? அவ பேர மட்டும் வெட்டிடாதீங்க. திரும்பி வர்றப்ப எடம் இருக்கணும்."

"இது பள்ளிக்கூடம்லா அண்ணே, கொழுந்து நிறுக்கிற எடம் இல்ல." டீச்சர் சிரித்துவிட்டார். "காய்ச்சல்ல படுத்தவங்க பேரயெல்லாம் யாரு வெட்டப் போறா?"

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. டீச்சர் திருத்தி முடிக்கும்வரை மேசை ஓரத்திலேயே நின்றான். ஒவ்வொரு சரிக்கும் அவன் முகம் மலர்ந்தது. படிக்கிறது மகள், பாஸாகிறது அப்பாவா என்று டீச்சருக்கு வேடிக்கையாக இருந்தது. தாள் முழுக்கக் கொழுந்துக் கறை படிந்த பெருவிரல் அடையாளம். பென்சிலை அழுத்திய அழுத்தில் எழுத்து மறுபக்கம் புடைத்திருந்தது. காய்ச்சலிலும் பிள்ளைக்கு என்ன கவனம் என்று மெச்சிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பனி இறங்கி, பத்து மணிக்கும் வகுப்பில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே ஓடியிருந்தார்கள். இருளப்பன் உள்ளே வந்து, ஜன்னலோரம் ஜெயா உட்காரும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டீச்சருக்குப் பாவமாகப் போயிற்று.

"டிரஸ்ஸர்கிட்ட மருந்து வாங்கினீங்களா? வேலாயி அக்கா என்ன பண்றாங்க? ஒரு நாளும் இந்தப் பக்கம் காணோமே."

"அவதான் புள்ளகூட இருக்கா டீச்சர்."

"சரி, நாளைக்கு சனிக்கிழமைதானே? ஒங்க லோரியிலயே ஏறி மேல வந்து ஜெயாவ ஒரு எட்டு பார்த்துட்டு வர்றேன்."

இருளப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணாம் டீச்சர்! மேல ஒரே சேறு. ஒங்களுக்கு எதுக்கு செரமம்?"

அவசர அவசரமாக ஐந்தாவது தாளை எடுத்து மேசையில் வைத்தான். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் நான்கு கணக்கும் சரி. கடைசிக் கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

'உன் வீட்டில் உள்ள அனைவரும் ஓர் அதிரசத்தைச் சமமாகப் பங்கிட்டால், ஒருவருக்கு எத்தனை பங்கு? வட்டம் வரைந்து பிரித்துக் காட்டுக.'

பதினாறு பேர் கூடும் வீட்டில் தீபாவளி கொண்டாடுகிற டீச்சர் போட்ட கணக்கு அது. விடைக்கான இடத்தில் ஒரு வட்டம் இருந்தது. நடுவில் ஒரு கோடு கூட இல்லை. பக்கத்தில் 1/1 என்று அழுத்தமாக எழுதியிருந்தது.

"கடைசியில கோட்டை விட்டுட்டாளே! நீங்க, அக்கா, ஜெயா, மூணு பேரு. மூணுல ஒரு பங்குதானே வரணும்? முழு அதிரசத்தையும் ஒங்க மகளே முழுங்கிட்டாளா?" என்றபடி டீச்சர் பேனாவைத் தாளில் வைத்தார்.

"தப்பு போடப் போறீங்களா டீச்சர்?" அவன் குரல் மாறியிருந்தது. "தப்புன்னா இன்னிக்கு அவளுக்குப் பேரு விழாதே."

"தப்ப தப்புன்னுதானே அண்ணே போடணும்?"

தொழிற்சாலைப் பக்கம் லோரி ஹாரன் அடித்தது. இருளப்பன் நகரவில்லை. கறுத்துப்போன தன் விரல்களைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். டீச்சரை மட்டும் பார்க்கவில்லை.

"கணக்கு சரிதான் டீச்சர். லீவுல வேலாயி புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. வீட்ல நான் ஒருத்தன்தான்."