சொந்தப் படைப்பு

தோப்புப் பறவைகளின் கவிதைப் போட்டியைக் காக்கை நடத்தியது. பெரியவர்களுக்கு ஒரு பிரிவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு. விதி ஒன்றுதான்: சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்.

பெரியவர் பிரிவில் குயில் வந்து, "குக்கூ!" என்று தன் கவிதையை வாசித்தது.

காக்கை தலையைச் சாய்த்துக் கேட்டது. "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே! அடுத்தவங்க சரக்குன்னா எனக்கு மூக்குல வேர்த்துடும். உன் கவிதை தள்ளுபடி!"

குயில் முணுமுணுத்தபடி கடைசிக் கிளையில் போய் உட்கார்ந்தது.

பிள்ளைகள் பிரிவில் காக்கைக் கூட்டில் வளரும் குஞ்சு மேடையேறியது. "குக்கூ!" என்றது.

குயில்தான் முதலில் சிறகைத் தட்டியது. காக்கைக்கோ பெருமை தாங்கவில்லை. முதல் பரிசைக் கொடுத்துவிட்டுக் குயிலைப் பார்த்தது. "சொந்தப் படைப்புன்னா இப்படி இருக்கணும்!"

"ஆமாக்கா," என்றது குயில். "கேட்டாலே தெரியுது."