வெங்காயக் காட்டில் ஒரு சிக்ஸர்

இந்தியாவுக்காக இன்னாசிராஜ் அடித்த சிக்ஸர்களை இன்னும் எவனும் தாண்டவில்லை. இப்போது அவர் தாடிக்கொம்புப் பக்கத்தில், மாமனார் ஊர்ப் பொட்டலில், லுங்கியை மடித்துக் கட்டி இரவல் மட்டையோடு நிற்கிறார். மில்லில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்த பொன்னழகு பந்து போடுகிறான். இந்த ஒரு விக்கெட் கிடைத்தால் போதும் அவனுக்கு. பந்து நன்றாகவே திரும்புகிறது. இன்னாசிராஜ் ஒரு முட்டியை மடக்கித் தூக்குகிறார். காலை வெயிலில் மஞ்சள் பந்து மிதந்து போய் வெங்காயக் காட்டுக்குள் இறங்குகிறது. மற்ற ஊரில் அது சிக்ஸர். இங்கே பயிருக்குள் அடித்தால் அவுட். அடித்தவரே போய்ப் பந்தை எடுக்கவும் வேண்டும். “ஏலே, அண்ணனுக்கு நோ பால்னு சொல்லுங்கடா” என்கிறான் கீப்பர் முகேஷ்குமார். “அவுட்டுன்னா அவுட்டுதான் அப்பு.” என்று மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் போகிற இன்னாசிராஜ், வெங்காயத் தாள் ஒன்றைக்கூட மிதிக்காமல் வரப்போரமாகக் குனிந்து தேடுகிறார். “பெரிய விக்கெட்டு எடுத்துட்டியாம்ல?” முகேஷ்குமார் சீண்டுகிறான். “அத விடுறா. அம்புட்டு நல்ல பந்து போட்டேன், எங்க கொண்டுபோய்ப் போட்டாரு பாத்தியா!” பொன்னழகுக்கு வாயெல்லாம் பல்.