வெள்ளத்தாயின் வியாதிகள்

"இன்னைக்கு எந்த வியாதியோட வந்திருக்க, ஆத்தா?"

டாக்டர் சோலைராஜ் கேட்டதும் முற்றத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கம்போல் கடைசி ஆளாக வந்த வெள்ளத்தாய் மட்டும் சிரிக்கவில்லை.

"இருமுனா சளியோட ரத்தம் வருது, டாக்டரய்யா. முழங்காலு வீங்கிக் கெடக்கு. பொறவு, வலிப்பு."

எண்பத்தாறாம் வருஷம் அது. ராஜபாளையத்திலிருந்து சேவைச் சங்கத்தின் மருத்துவ வேன் மாதம் ஒரு ஞாயிறு வத்திராயிருப்புப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு வரும். அந்தக் கிராமத்தில் பெரிய வீட்டுக்காரர் உக்கிரபாண்டியின் முற்றத்தில்தான் வேனை நிறுத்தச் சொல்வார் டாக்டர். அங்கே வேப்பமர நிழல் உண்டு. மத்தியானம் வெள்ளாட்டுக் கறிக்குழம்பும் உண்டு.

வெள்ளத்தாய் அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணி அள்ளுகிறவள். அறுபது வயதிலும் நிறைகூடையை ஒரே மூச்சில் தூக்கித் தலையில் வைப்பாள். அவளுக்குத்தான் மாதம் மூன்று நான்கு வியாதி. போன மாதம் மஞ்சள் காமாலைகூட வந்திருந்தது.

டாக்டர் அவளுக்கென்று ஒரு வைத்தியம் வைத்திருந்தார். என்ன சொன்னாலும் சத்து மாத்திரை. நாலு மாதமாக அதையே கொடுத்து, அந்தக் கதையைச் சங்கக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருந்தார்.

"வலிப்பு உனக்கா?"

"நேத்து ரெண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்துச்சு. வாயில நுரை."

"காலையில எந்திரிச்சு தொழுவத்தைக் கூட்டிட்டு வந்துட்ட, அப்படித்தான?"

மறுபடியும் சிரிப்பு. டாக்டர் நீட்டிய பொட்டலத்தை அவள் பிரித்துப் பார்த்தாள்.

"இதைப் பாலாடையில கரைச்சு ஊத்தலாமா?"

"பாலாடையில ஊத்து, குடத்துல ஊத்து. உன் இஷ்டம்."

அவள் நகரவில்லை. "இந்த மாத்திரை கேக்கல, டாக்டரய்யா. வேற நல்ல மருந்தாக் குடுங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. உக்கிரபாண்டி வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவள் நாடகத்தை இன்றோடு முடித்துவிட வேண்டியதுதான். நர்ஸிடம், இருப்பதிலேயே பெரிய ஊசியாக எடுக்கச் சொன்னார்.

"கையை நீட்டு. இதுக்குக் கேக்காத வலிப்பே கெடையாது."

வெள்ளத்தாய் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பயந்துட்டா," என்றார் டாக்டர், கூட்டத்தைப் பார்த்து.

"பயம் இல்லய்யா. எனக்கு ஒரு சீக்கும் கெடையாது. எங்க தெரு சனம் இந்த வாசலுக்குள்ள வரக்கூடாதுல்லா. சாணி அள்ள நான் ஒருத்திதான் வாரேன். அதான் அம்புட்டுப் பேரு வியாதியையும் நானே சொல்லுதேன்."

டாக்டர் கையில் ஊசி அப்படியே நின்றது. வெள்ளத்தாய் அதையே பார்த்தாள்.

"இதை எனக்குப் போட்டா, வலிப்பு வந்த பிள்ளைக்குக் கேக்குமாய்யா?"