காலி மெஷின்

"தம்பி, காலையிலேருந்து இது நாலாவது வாட்டி. ஒண்ணக் குடுத்தா இன்னொண்ணு இல்லங்குது. நான் இன்ஸ்டால் பண்றேனா, கல்யாணச் சீர் வாங்குறேனா?"

போனில் குணசுந்தரி அக்கா. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அவள் குரலுக்குப் பின்னால் டிராக்டர்கள் உறுமின.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா. அரை மணி நேரம்."

"எனக்கென்ன, நான் பொறுப்பேன். கரும்பு வெட்டு உத்தரவுக்கு நிக்கிறாங்க பாரு நாப்பது பேரு, அவுங்க பொறுக்கணுமே!"

கதிர்வேல் போனை வைத்துவிட்டு எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். மணி இரண்டே கால். சிதம்பரம் கீழ வீதி மாடியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. காலையில் கடலூருக்குக் கிளம்பும்போது முதலாளி நடனசபாபதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "நாலு மணிக்குள்ள எட்டு மையத்துலயும் ஓடணும். ஓடுச்சின்னா நீ பர்மனென்ட். இல்லன்னா வேற எடம் பாத்துக்க."

வெட்டு உத்தரவு போடும் புரோகிராமில் குறை இல்லை. அதை லினக்ஸில் போடுவதற்கு மூட்டையாகக் கட்டி அனுப்புவதில்தான் வினை. கூட எந்தெந்தத் துணைப் புரோகிராம் வேண்டும் என்று மூட்டையிலேயே எழுதிவிட வேண்டும். கதிர்வேலின் மெஷினில் எல்லாம் எப்போதோ போட்டுக் கிடந்ததால், எதை எழுதாமல் விட்டோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. இங்கே ஜம்மென்று ஓடுகிறது, அங்கே போனதும் படுத்துக்கொள்கிறது.

கட்டிய மூட்டையை அமெரிக்க சர்வரில் ஏற்றுவான். எட்டு மையங்களும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். விவசாயிகளின் பதிவுகளும் அங்கேதான் பத்திரமாக இருந்தன. 'எங்கள் சர்வர் அமெரிக்காவில்' என்று முதலாளி நோட்டீஸே அடித்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, இந்த ஓட்டை பிராட்பேண்டில் ஒரு மெயில் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். சர்வருக்கு அனுப்பினால் மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அமெரிக்காக்காரன் அமெரிக்காக்காரன்தான் என்று கதிர்வேல் வாயைப் பிளப்பான்.

"ஒரு காலி மெஷின் இருந்தா எது எது இல்லன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்" என்று வாய்விட்டே புலம்பினான்.

அலுவலகத்தில் இருந்தது மூன்றே மெஷின். ஒன்று அவனுடையது. இன்னொன்று முதலாளியின் லேப்டாப், அவரோடு கடலூரில். மூன்றாவது, மூலையில் மஞ்சள் துணி போர்த்தி, சந்தனம் குங்குமத்தோடு உம்மென்று ஓடிக்கொண்டிருந்த பழைய பெட்டி. அதற்கு மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது.

அவன் அதை நோக்கிப் போவதைப் பார்த்ததும், தரையைக் கூட்டிக்கொண்டிருந்த அமிர்தம் பதறினாள். "அய்யய்யோ, அதத் தொடாதீங்க தம்பி! ஐயா மொத மொத வாங்குன மெஷினாம். ராசியாம். வெள்ளிக்கெழமைன்னா சூடம் காட்டுவாரு."

"ராசியா?" கதிர்வேலுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "மத்தியானம் கரண்டு போனா நமக்கு ஒரு ஃபேன் கெடையாது. இந்த சாமிக்கு மட்டும் இன்வெர்ட்டர்! ஒரு நாளாவது ஒழைக்கட்டும்."

இருந்தாலும் மனசு கேட்காமல் முதலாளிக்குப் போன் போட்டான். ஸ்விட்ச் ஆஃப். மூன்று முறை போட்டான். மூன்று முறையும் ஸ்விட்ச் ஆஃப்.

துணியை உருவி அமிர்தத்தின் கையில் திணித்தான். தன் மானிட்டரையும் கீபோர்டையும் அதில் மாட்டி, லினக்ஸ் சிடியைச் செருகினான். பழசையெல்லாம் அழித்துவிடலாமா என்று கேட்டது. ஆமாம் என்றான். நிச்சயமாகவா என்று கேட்டது. மணியைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் ஆமாம் என்று தட்டினான்.

மூன்று மணிக்குப் பெட்டி துடைத்துவிட்ட தட்டாக நின்றது. மூட்டையைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டான். இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக ஐந்து பெயர் வந்தது. ஐந்தையும் எழுதி, அங்கேயே மறுபடி கட்டிப் போட்டான். ஓடியது! வெட்டு உத்தரவு படிவம் திரையில் பளிச்சென்று வந்து நின்றது.

"அமிர்தம்க்கா, நான் பர்மனென்ட்!"

பென் டிரைவோடு தன் இடத்துக்கு ஓடி, மானிட்டரையும் கீபோர்டையும் திரும்ப மாட்டி, சர்வருக்கு அனுப்பினான். போகவில்லை. இன்னொரு தடவை அனுப்பினான். போகவே இல்லை. அதற்குள் போன் அடித்தது.

"என்ன தம்பி, இப்ப சர்வரே இல்லங்குது? எட்டு மையத்துலயும் இதே கததான். விவசாயிங்க பேரு ஒண்ணுகூட வர மாட்டுது!"

கதிர்வேல் மூன்றாவது தடவையும் அனுப்பிப் பார்த்தான். மூன்றே முக்காலுக்குப் படியேறி வந்தார் நடனசபாபதி, கடலூர் பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு.

"என்ன கதிரு, எட்டும் ஓடுதா?"

"நம்ம பக்கம் எல்லாம் ரெடி சார். அமெரிக்காதான் மக்கர் பண்ணுது. அங்க யாருக்காவது ஒரு போன் போட்டீங்கன்னா..."

முதலாளி அவனைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தார். பிறகு அமிர்தம் மடித்து வைத்திருந்த துணியைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"கதிரு," என்றார் ஈனக்குரலில், "அமெரிக்கா மேல கெடந்த மஞ்சத் துணிய எடுத்தது யாரு?"