துணைக்கு ஒரு ஏ.சி.

“வீட்டுல இப்ப குளிர் வருதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்” என்றார் விற்பனையாளர்.

“வருது. வராம என்ன?” ஏ.சி. வாங்க வந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “எங்க கட்டடத்து மொட்டைமாடியில பெரிய பொது இயந்திரம் ஒண்ணு இருக்கு. நாற்பது வீட்டுக்கும் குழாய் வழியா அதுதான் குளிர் அனுப்புது. பிரமாதமான ஏற்பாடு. எங்க படுக்கையறைக்கு வரும்போது மட்டும் கொஞ்சம்...”

“பக்கத்துல யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி வரும்” என்று முடித்துவைத்தாள் மனைவி.

அவர் முறைத்தார். அதற்கு மேல் முறைக்க அவருக்குத் தெம்பில்லை. இன்றைக்கு ஏ.சி. வராவிட்டால் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். சும்மா மிரட்டுகிறாளோ என்று கிளம்பும் முன் அவர் ரகசியமாகத் திறந்து பார்த்திருந்தார். பல் துலக்கும் பிரஷ் வரைக்கும் உள்ளே இருந்தது.

ஊரின் மறுகோடியில் இருந்த இந்தக் கடையைச் சொன்னதும் அவள்தான். தெரிந்தவர் கண்ணில் படாமல் காரியம் முடியும் என்பதால் அவரும் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். கறுப்புக் கண்ணாடியை மட்டும் கடைக்குள்ளும் கழற்றவில்லை.

“அறை என்ன அளவு சார்?”

“பன்னிரண்டுக்குப் பத்து. கடைசி மாடி. மேற்குச் சுவர்.”

“அப்ப ஒரு டன் திணறும். ஒன்றரை டன் எடுத்துக்குங்க.”

“எதுக்கு அவ்வளவு? இது சும்மா துணைக்குத்தான். முக்கிய வேலையைப் பார்க்கத்தான் பொது இயந்திரம் இருக்கே.”

“மேற்கு வெயிலுக்கு அதெல்லாம் தெரியாது சார்.”

“ஒன்றரையே போடுங்க” என்றாள் மனைவி. “துணை கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கட்டும்.”

“சரி. ஆனா சத்தம் வரக் கூடாது. முக்கியமா, பக்கத்து வீட்டுக்குக் கேட்கவே கூடாது.”

“பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கத்துக்காகக் கவலைப்படற முதல் ஆள் நீங்கதான் சார்” என்று மெச்சிய விற்பனையாளர், ரசீதுப் புத்தகத்தை விரித்து முகவரி கேட்டார். கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

“அந்தக் கட்டடமா? அப்ப உங்க சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் வேணுமே. அது இல்லேன்னா எங்க ஆளுங்களை வாசல்லயே நிறுத்திடுவாங்க. தனி ஏ.சி. கூடாதுன்னு அவர் விதியே போட்டிருக்காராம்.”

“விதின்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்.”

“என்ன பெரிய காரணம்? அந்தப் பொது இயந்திரத்தைத் தேடித் தேடி வாங்கினதே அவர்தானாம். வீட்டுக்கு வீடு ஏ.சி. மாட்டினா அவருக்கு மரியாதைக் குறைவாம்.”

“நானும் கேள்விப்பட்டேன்” என்றாள் மனைவி. “வேர்த்துக் கொட்டினாலும் ‘ஜில்லுனு இருக்கே’ன்னு சொல்ற ஜென்மமாம்.”

“அவர் பொறுப்பான மனுஷன்!” அவர் குரல் உயர்ந்துவிட்டது. “எனக்கு நல்லாவே தெரியும். கடிதம்தானே வேணும்? இருங்க.”

விறுவிறுவென்று வெளியே போனவர், பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, நான்காக மடித்த தாளை மேசைமேல் வைத்தார்.

விற்பனையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “அதுக்குள்ளயா? தலைவர் எங்க கிடைச்சார்?”

“இங்க பக்கத்துலதான் இருந்தார். நான் சொன்னா மறுக்க மாட்டார்.”

விற்பனையாளர் தாளைப் பிரித்துப் படித்தார். பிறகு அலமாரியிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“தப்பா நினைக்காதீங்க சார். இந்தக் கையெழுத்து போலி.”

“என்னது? போலியா?”

“உங்க கட்டடத்துக்கு இதுவரைக்கும் முப்பத்தொன்பது ஏ.சி. குடுத்திருக்கோம். முப்பத்தொன்பது கடிதமும் இதுல இருக்கு. பாருங்க, தலைவர் கையெழுத்து எவ்வளவு நிதானமா, அழகா இருக்குன்னு! ‘வெளிப்பெட்டியைப் பின்பக்கச் சந்தில் மட்டுமே மாட்டவும்’னு ஒவ்வொண்ணுலயும் அக்கறையா எழுதியிருக்கார். நீங்க கோழி கிளறின மாதிரி எதையோ கிறுக்கிக் கொண்டுவந்து நீட்டறீங்க. இந்த வயசுல இதெல்லாம் தேவையா சார்?”

அவர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். முப்பத்தொன்பது! நாற்பது வீட்டில் அவருடைய வீடு ஒன்றுதான் பாக்கி.

மனைவி அவர் முழங்கையைப் பற்றி, குளிர்சாதனப் பெட்டிகளுக்குப் பின்னால் ஓரமாக அழைத்துப் போனாள். கைப்பையிலிருந்து ஒரு பேனாவையும் வெள்ளைத்தாளையும் எடுத்தாள்.

“விடுங்க தலைவரே” என்றாள் மெதுவாக. “முப்பத்தொன்பது வீட்டுக்கு உங்க கையெழுத்தைப் போட்டுக் குடுத்தவ, நம்ம வீட்டுக்கு ஒண்ணு போட மாட்டேனா?”